இரண்டாவது தட்டைப் பற்றி நான் சொல்லாதது

1. ஊதா ஏறவில்லை

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், செல்களைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கும் செல் கல்ச்சர் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோட்டை மலையடிவாரத்தில் மண்டிக் கிடக்கும் சீத்தா இலையின் சாற்றை மார்பகப் புற்றுநோய் செல்கள்மேல் ஊற்றிப் பார்க்கச் சொன்னார் எங்கள் பேராசிரியர். இரண்டு நாள் இன்குபேட்டரில் வைத்து, எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைப் போட்டேன். செல் உயிரோடு இருந்தால் அந்தச் சாயம் ஊதாவாக மாறும். மாறவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் சுருங்கி, துண்டு துண்டாய் உடைந்து கிடந்தன.

"பிரமாதம்மா! பேப்பருக்குச் சொல்லிடலாம்" என்றார்.

என் படத்தோடு செய்தி வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தட்டில் வைத்திருந்த, புற்றுநோய் இல்லாத நல்ல செல்களும் அதே சாற்றில் செத்திருந்தன. "அது அடுத்த கட்டுரைக்கு" என்றார். நோட்டில் எழுதி மூடினேன்.

2. செல்வி கேட்டாள்

செல்வி எங்கள் தெருக்காரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறிக் கடை வைத்திருந்தாள். மார்பில் கட்டி. இரண்டு கீமோ முடிந்து, கட்டி சுருங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் வாந்தியில் துவண்டு போயிருந்தாள். அந்தச் செய்தித்தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"யக்கா, இந்த எலை புத்து செல்ல சாவடிக்குதாமே, நெசமா?"

"நெசந்தான். என் கண்ணால பாத்தேன்."

இரண்டாவது தட்டு ஞாபகம் வந்தது. தெருவே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த வாரம் அது. வாயைத் திறக்கவில்லை.

3. கடை பூட்டியிருந்தது

நாலு மாதம் கழித்து, கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சீத்தா இலை கொதித்துக்கொண்டிருந்தது.

"வேளைக்கு ஒரு டம்ளர் குடிக்கிறேங்க்கா. ஆனா கட்டி பெருசாவுது. ரெண்டு டம்ளரா குடிக்கட்டுமா?"

"கீமோ?"

"அது எதுக்கு? நீதான் கண்ணால பாத்தேன்னியே."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஈரல்வரை பரவியிருந்தது. "இவ்ளோ நாள் ஏன்மா வரல?" என்று டாக்டர் கத்தினார். பக்கத்தில்தான் நின்றேன். செல்வி என்னைப் பார்க்காமலே, "கடையில வேலைங்க சார்" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள்.

பேராசிரியரிடம் சொன்னேன். "நாம யாரையும் குடிக்கச் சொல்லலையேம்மா" என்றார். கட்டுரை வெளியானது. கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அடுத்த கட்டுரையை அவர் எழுதவே இல்லை.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை. ஸ்பிரிட் ஊற்றினாலும் சாகும். செடியிலிருந்து மருந்து வரும். நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது இன்றும் புற்றுநோயாளிகளுக்கு ஊசியில் ஏறுகிறது. ஆனால் அது பிரித்தெடுத்து, அளவு கண்டு, வருஷக்கணக்கில் சோதித்து வந்தது. அடுப்பில் கொதிக்க வைத்ததல்ல. உங்களிடம் ஒருவர் வந்து "நெசமா?" என்று கேட்டால், பார்த்தது முழுவதையும் சொல்லுங்கள். நான் செல்வியிடம் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.