நைட்டித் துண்டும் நெறிகட்டிய அக்குளும்

காஜா அக்கா கண்ணை மூடிக்கொண்டே சட்டைக்குக் காஜா எடுப்பாள். ஒருமுறை தூக்கத்திலேயே சட்டை முழுக்கப் பொத்தான் துளைகளைத் தைத்து முடித்துவிட்டு, விழித்ததும் "யாரு இவ்வளவு அழகா எடுத்தது?" என்று கேட்டாளாம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன். அப்படிப்பட்டவளைப் பற்றி, மாடியில் குடியிருந்த நாத்தனார் சட்டைக்கடைக்காரரிடம், "அண்ணிக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார், பாவம்" என்று சொல்லி, பாதி வேலையைத் தன் மெஷினுக்கு இழுத்துக்கொண்டாள். வேலை போனதைக்கூட அக்கா பொறுத்திருப்பாள். அந்தப் 'பாவம்'தான் வயிற்றில் நெருப்பை மூட்டியது.

பழி வாங்க ஆயுதம் தேடினாள். அது மாடிப்படி வழியாகத் தானே இறங்கி வந்தது: நாத்தனார் மடியில் வைத்துக் கொஞ்சும் பூனைக்குட்டி.

நாத்தனார் முன்பு தன் புது ஊதா நைட்டியை நீளம் குறைக்கக் கொடுத்திருந்தாள். வெட்டிய விளிம்பு அக்காவிடமே இருந்தது. அதைப் பந்தாகச் சுருட்டி, நூலில் கட்டி ஆட்டினாள். குட்டி பாய்ந்து பிறாண்டினால் மீன்தலை. சும்மா உட்கார்ந்தால் பட்டினி. கொஞ்ச நாளில் ஊதாவைக் கண்டாலே குட்டி புலியானது. நைட்டியோ நல்ல நாளுக்கென்று அலமாரியில் தூங்கியது. அக்கா காத்திருந்தாள்.

பாடம் நடக்கும்போது ஒருநாள் நகம் பந்தைத் தாண்டி அவள் மணிக்கட்டில் இறங்கியது. கீறிய இடம் கொப்புளமாகிப் புண்ணானது. பிறகு அந்தப் பக்க அக்குளில் நெறிகட்டி, எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. கையைத் தூக்கினால் உயிர் போனது. ஊசி பிடிக்க முடியவில்லை.

நாத்தனாருக்குக் கேட்கவா வேண்டும்? "என்னமோ ஒட்டுவியாதி சார். அண்ணி தொட்ட சட்டைய யாரு போடுவா?"

கடைக்காரர் அக்காவிடம், "டாக்டர் சரின்னு சொல்லட்டும்மா. இல்லேன்னா மீதி வேலையும் மாடிக்குத்தான்" என்றார்.

துணைக்கு என்று நாத்தனாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சேதியைச் சுடச்சுட அள்ள வேண்டுமே!

டாக்டரம்மா அக்குளை அழுத்திப் பார்த்தார். "புண்ணு இருக்கிற கைப்பக்கமே நெறி கட்டியிருக்கு. சொறிஞ்சு சீழ் வச்சாலும் வரும், முள்ளு குத்தினாலும் வரும், பூச்சி கடிச்சாலும் வரும். சில பேருக்கு டிபி, அதவிடப் பெரிசாவும் இருக்கலாம். வீட்டுல பூனை இருக்கா?"

அக்கா விழித்தாள். பூனை என்றால் பந்து வெளியே வரும், பழி பாழாகும்.

"இல்லீங்க."

"அப்போ கட்டியிலேருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"டிபியா!" நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முந்தானைக்கு மேலே கண்கள் சிரித்தன.

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

"என் வீட்டுல பூனை இல்லீங்க. இவ வீட்டுல இருக்கு. அதுதான் கீறிச்சு."

"என் குட்டியா? அது எறும்பைக்கூடத் தொடாது!" என்று நாத்தனார் விருட்டென்று வெளியே போய்விட்டாள்.

டாக்டரம்மா சிரித்தார். "அப்போ அனேகமா பூனை நகத்துல இருந்த கிருமிதான். ரத்தம் பார்த்து உறுதி பண்ணிக்கலாம். ஆளுக்கு ஆள் ஒட்டாது. இனிமே கீறினா உடனே சோப்புப் போட்டுக் கழுவிடுங்க."

ரத்தப் பரிசோதனையும் பூனையையே காட்டியது. விவரம் கேட்கக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். பெரிய மனிதர் வருகிறாரே என்று நாத்தனார் அலமாரியிலிருந்த ஊதா நைட்டியை மாட்டிக்கொண்டு, குட்டியை ஏந்தியபடி படியிறங்கினாள்.

"பாருங்க சார், பச்சப்புள்ள மாதிரி. இதுவா கீறும்?"

கடைக்காரருக்குக் காட்ட அவள் குட்டியை எட்டப் பிடித்தாள். அப்போதுதான் அது ஊதாவை முழுசாகப் பார்த்தது. அக்கா மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டாள். அதன்பின் பறந்தது நைட்டியா, நாத்தனாரா, குட்டியா என்று சொல்ல முடியாது.

"ஐயோ! அண்ணி! புடிங்க அண்ணி!"

"கையத் தூக்க முடியலையேம்மா, நெறி கட்டியிருக்கே!"

கடைக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்றே, இந்தப் பூனை இருக்கும் மாடிக்கு இனிச் சட்டை கிடையாது என்று மொத்தச் சட்டைகளையும் அக்காவின் கீழ்வீட்டுக்கு எழுதிக் கொடுத்தார். கை ஆறும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார். இது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அக்கா அவரிடம் இரண்டு தரம் ஒப்பித்தாள். கையெல்லாம் கீறலோடு நின்ற நாத்தனாரின் காதில் விழாமல் சோப்பு விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டாள்.

மாத்திரையில் கட்டி வற்றி, ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. காலையில் அக்கா ஜன்னலருகே நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"நாத்தனாரே! அக்குள்ல ஏதாவது தட்டுப்படுதா?"

மேலே மெஷின் சத்தம் நின்றுபோகும். நாத்தனார் அழுத்திப் பார்க்கிறாள் என்று அர்த்தம். அக்கா குட்டிக்கென்று ஒரு மீன்தலையை எடுத்து ஜன்னலில் வைப்பாள்.