‘வேண்டாம்’ என்ற பொத்தான்

காது மருத்துவமனையின் முன்பதிவு ஜன்னலில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் அந்தத் தெருவுக்கு அவள் டோக்கனக்காதான். வருகிறவரின் பேரைக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொள்வாள், எண் போட்ட அட்டையைக் கொடுப்பாள், முறை வந்ததும் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் காத்திருக்கிற இருபது பேருக்கும் யாருக்குக் காது மந்தம் என்று தெரிந்துபோகும். போதாததற்கு, கூப்பிடப்பட்டவருக்கு மட்டும் கேட்காது. இந்த ஏற்பாட்டை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றவள், மீதியை அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் படித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு டாக்டர் வெளியாள் ஒருவரை வைத்து, இருந்த இடத்திலிருந்தே முன்பதிவு செய்ய மருத்துவமனைக்கு இணையதளம் அமைத்தார். திறந்ததும் அடியில் ஒரு பட்டை வரும். ‘எங்கள் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது’ என்று எழுதி, பக்கத்தில் ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வந்து, “சரின்னு அமுக்கிட்டு மூணு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்மா, ஒரு பிஸ்கட்கூட வந்து சேரலையே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டோக்கனக்காவும் சிரித்தாள். அது என்ன குக்கீ என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பின்னால் அவளே அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். போன வாரம்தான் முதல் தடவையாகப் பரிசோதனைக்கு வந்து போனவர்.

“உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா?”

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன டீச்சர்?”

“என் காது விஷயம் என் வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்க கிட்ட மட்டும்தான் பேரைக் கொடுத்தேன். இப்போ எங்க ஸ்டாஃப் ரூம் முழுக்க அதே பேச்சு. பாட்டு வகுப்பை வேற ஆளுக்குக் கொடுக்கலாமான்னு தலைமை ஆசிரியர் யோசிக்கிறாராம். பதினாறு வருஷ வேலை!”

“டீச்சர், நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

“அப்ப சுவரா சொல்லுச்சு?”

டாக்டர் அறையிலிருந்து வந்து டீச்சரைச் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்.

“ஒரு மன்னிப்பு கேட்டுடும்மா. வெறும் வார்த்தைதானே, தேய்ஞ்சா போயிடுவ?”

“கேட்டா நான் சொன்னேன்னு ஆயிடும் டாக்டர்.”

“கேக்கலைன்னா ஜன்னலுக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை வரைக்கும் யோசி.”

“யோசிக்க என்ன இருக்கு? செய்யாத தப்புக்கு நான் தலை குனிய மாட்டேன். யார் சொன்னதுன்னு சனிக்கிழமைக்குள்ள நானே கண்டுபிடிக்கிறேன்.”

அன்று சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒரே ஒரு கேள்வி டீச்சர். இணையதளத்துல எங்க உக்காந்து முன்பதிவு பண்ணீங்க?”

“ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல. அதுக்கென்ன? முடிச்சுட்டு எல்லாத்தையும் மூடிட்டுத்தான் எழுந்தேன். குக்கீ வேணுமான்னு கேட்டதுக்குக்கூட வேண்டாம்னுதான் அமுக்கினேன்.” நாலடி நடந்தவர் நின்றார். “அதுலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டர்ல எதைத் திறந்தாலும் காது மெஷின் விளம்பரமா வருதுன்னு கேலி பண்றாங்க. எனக்கு இருக்கிற ரோதனை போதாதுன்னு அது வேற.”

விளம்பரம் என்ற சொல்லை டோக்கனக்கா பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடாமல், குக்கீ என்றால் என்ன என்று தேடி, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். அது ஒரு துண்டுச்சீட்டு. நாம் ஒரு தளத்துக்குப் போனால், அது நம் உலாவியில், அதாவது பிரவுசரில், ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. திரும்பப் போனால் எண்ணைப் பார்த்து நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது. அட, நம் டோக்கன்தானே என்று நினைத்தாள். இதில் என்ன குற்றம்? நம் அட்டையை நாமே கொடுத்து நாமே வாங்குகிறோம்.

ஆனால் தேய்த்துப் பார்க்காமல் பாத்திரம் சுத்தம் என்று நம்புகிறவள் இல்லை அவள். வீட்டுக்குப் போனதும் தன் அக்காவிடம் கை நீட்டினாள். அக்கா தையல்காரி.

“உன் போனைக் கொடு.”

“எதுக்குடி?”

“காது ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத போன் ஒண்ணு வேணும். உன் போன்ல கழுத்து டிசைனைத் தவிர வேற எதுவும் கிடையாது.”

“நக்கலா? நாளைக்கு ரவிக்கைக்கு ஊக்கு வெச்சுக் கொடுன்னு வருவல்ல, அப்ப பாத்துக்கறேன்.”

உலாவியில் இருந்த பழைய சீட்டுகளையெல்லாம் அழித்தாள். மணி ஐந்து நாற்பது என்று நோட்டில் எழுதினாள். மருத்துவமனைத் தளத்தைத் திறந்து, ‘வேண்டாம்’ பொத்தானை அக்காவையே அமுக்கச் சொன்னாள். பிறகு அமைப்புகளுக்குப் போய், யார் யார் சீட்டு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாள். ஒரு பேர்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று மருத்துவமனை. இன்னொன்று கேள்விப்படாத ஏதோ ஒரு விளம்பர நிறுவனம்.

மறுநாள் காலை அக்கா கழுத்து டிசைன் பார்க்க உட்கார்ந்தவள், “அடியேய்!” என்று கத்தினாள். “எனக்கென்னடி காது செவிடா? படகுக் கழுத்து கேட்டா காது மெஷின் காட்டுது!”

டிசைன் தளத்தின் சீட்டுப் பட்டியலிலும் அந்த விளம்பர நிறுவனத்தின் பேர் இருந்தது. டோக்கனக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருத்துவமனைக்குள் வருகிறவரின் முதுகில் ஒருவன் சத்தமில்லாமல் சீட்டு ஒட்டுகிறான். அவனுடைய ஆட்கள் துணிக்கடை, பத்திரிகைக்கடை என்று எல்லா வாசலிலும் நிற்கிறார்கள். முதுகைப் படித்துவிட்டு, இவர் எங்கே போய்வந்தவர் என்று தெரிந்துகொண்டு சரக்கை நீட்டுகிறார்கள். பேர் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் அந்தக் கம்ப்யூட்டரில் அதிகம் உட்கார்வது யார், பேசும்போது “என்ன? என்ன?” என்று கேட்பது யார் என்று அங்கிருக்கிறவர்களுக்குத் தெரியாதா?

டோக்கனக்கா கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை இணையதளக்காரரை டாக்டர் வரவழைத்தார். டோக்கனக்கா நோட்டையும் அக்காவின் போனையும் மேஜையில் வைத்தாள்.

இணையதளக்காரர் பட்டென்று ஒப்புக்கொண்டார். “ஆமா மேடம், ரெண்டு பொத்தானுக்கும் ஒரே வேலைதான். பட்டையை மூடும், அவ்வளவுதான். விளம்பர நிரல், அந்தக் கோடு, பக்கம் திறக்கும்போதே ஓடிடும். நிறைய பேர் இப்படித்தான் வெச்சிருக்காங்க.”

“நிறைய பேர் கெணத்துல குதிச்சா?”

“அந்த விளம்பரத்தாலதான்மா புது ஆளுங்க வர்றாங்க” என்று டாக்டர் இழுத்தார்.

“ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் செய்யறதுக்கு வேற பேரு டாக்டர். நான் ஜன்னல்ல பேரைக்கூடச் சொல்லாம பலகையைத் தூக்கிக்கிட்டிருக்கேன். நம்ம வாசல்லயே இது ஊருக்குத் தண்டோரா போட்டுக்கிட்டிருக்கு. அந்தக் கோடு போகணும். இல்ல, நான் போறேன். ஆனா மன்னிப்பு கேட்டுட்டுப் போக மாட்டேன்.”

டாக்டர் அக்காவின் போனை வாங்கிப் பார்த்தார். அதில் வந்திருந்த விளம்பரம் அவருடைய நோயாளிகளை இழுக்கிற எதிர்த்தெருக் காது மெஷின் கடையுடையது. அவர் முகம் மாறியது. மனசாட்சி பாதி, அந்தக் கடை பாதி என்றுதான் சொல்ல வேண்டும். “எடுத்துடுப்பா” என்றார். “இப்பவே. நான் பாக்கறேன்.”

எடுத்ததும் அவள் சீட்டுகளை அழித்து, மறுபடி திறந்து, பட்டியலைப் பார்த்தாள். ஒரே பேர். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதரை எழுந்திருக்க விட்டாள்.

டாக்டர் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கியிருந்தார். டோக்கனக்கா பென்சிலால் அதை அடித்தாள்.

“கோளாறு இல்லையே டாக்டர். அது நல்லாத்தானே வேலை செஞ்சுது. ‘எங்கள் தளத்தில் நாங்கள் சேர்த்த விளம்பர நிரல் காரணமாக’ன்னு எழுதுங்க.”

அவர் பெருமூச்சு விட்டு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை அவளே டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டுகளை எப்படி அழிப்பது என்பதையும் வரிசையாக எழுதி இணைத்திருந்தாள். டீச்சர் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“இதை வெச்சு என்ன பண்றது? அவங்க பேசினது பொய்யில்லையே. இடது காது கேக்கலதான். ஆனா அதைச் சொல்ல வேண்டியது நான். எப்போ, யார்கிட்ட, எப்படிங்கிறதெல்லாம் நான் முடிவு பண்ண வேண்டியது. அது போச்சு.”

டோக்கனக்கா தலையை ஆட்டினாள்.

“திங்கட்கிழமை தலைமை ஆசிரியர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்” என்றார் டீச்சர். “மெஷின் மாட்டிக்கிட்டுப் பாடிக் காட்டறேன். அதுக்கப்புறம் வகுப்பைப் பிடுங்கட்டும், பாக்கலாம்.” கடிதத்தை மடித்தார். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டினதுக்கு...”

“விடுங்க டீச்சர். எங்க ஆஸ்பத்திரி மேல நீங்க சந்தேகப்பட்டது சரிதான். ஆளைத்தான் மாத்திப் பிடிச்சுட்டீங்க.”