நான் அளந்து கொடுத்த வடிகால்

தம்போயில் எங்கள் வரிசையில் பதின்மூன்று தரை வீடுகள். அவற்றின் பின்புறம் ஓடும் வடிகாலை நாங்கள் லோங்காங் என்போம். வீடுகளை விற்ற காலத்தில் வேலிக்கும் வடிகாலுக்கும் இடையே பதினைந்தடி நிலம் காலியாக இருந்தது. பின்னாளில் வடிகாலை அகலப்படுத்துவதற்காக ஒதுக்கிய நிலம் அது. நான் பிறப்பதற்கு முன்பே அது சமையலறைகளாகிவிட்டது. ஒருவர் தகரக்கூரை இறக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் கல் சுவர் எழுப்பினார். அனுமதி வாங்கியவர் யாருமில்லை. வேண்டாமென்று சொன்னவரும் யாருமில்லை.

மற்றவர்கள் நான்கடி, ஐந்தடி என்று நின்றுகொண்டார்கள். பள்ளத்தில் இருந்த கடைசி வீட்டு அக்கா பதினைந்தடியையும் எடுத்துக்கொண்டார். கணவர் இறந்த பிறகு அவர் இரண்டு தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பிழைத்தார். மூன்று பெரிய அடுப்புகள், குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் சிமெண்டுத் தொட்டி எல்லாம் அங்கேதான். சொல்லப்போனால் அந்தச் சமையலறையை ஒட்டி ஒரு வீடும் இருந்தது, அவ்வளவுதான்.

மேட்டிலிருந்த புதர்க்காட்டை அழித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். அதன்பின் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும், லோங்காங் நிரம்பி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. எங்களுக்குக் கணுக்கால் அளவு. அக்காவுக்கு முழங்கால் அளவு. ஓராண்டில் மூன்று முறை அவருடைய அரிசி மூட்டைகள் நனைந்து பாழாயின. எங்கள் வரிசையிலேயே லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், இனி அக்கா மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதில்லை, அடுப்படியிலேயே தூண்டில் போடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

பெரிய கட்டடம் எழுப்புகிறவர், அதனால் கூடும் மழைநீருக்காக நகராண்மைக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். வடிகால் பங்களிப்பு என்று அதற்குப் பெயர். கீழ்ப்புறத்து வடிகால்களை அகலப்படுத்த அது செலவாக வேண்டும். நகரத் திட்டமிடல் படித்த நான் இறுதியாண்டுக் கட்டுரையை இதைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். வளர்ச்சியால் பயன்பெறுகிறவரே அதன் சுமையையும் தாங்க வேண்டும் என்பது அதன் முதல் வாக்கியம். அந்த வாக்கியத்தில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

மேட்டில் குடியிருப்பு கட்டிய மேம்பாட்டாளர் தொகையைக் கட்டிவிட்டார் என்பதையும், எந்த வடிகாலுக்குச் செலவிடுவது என்று முடிவாகவில்லை என்பதையும் விசாரித்து அறிந்தேன். அக்காவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ நம்ம காசு அங்க சும்மா கெடக்குதா?"

பதின்மூன்று வீட்டுக் கையெழுத்தையும் வாங்கியவர் அவரே. மனுவை நான் எழுதினேன். மனு மட்டும் போதாது, அளவுகளோடு ஒரு வரைபடமும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடாவைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாக அளந்தேன். அக்காவின் தொட்டிக்கு அடியில் பழைய எல்லைக்கல் ஒன்று தட்டுப்பட்டது. அது என் வரைபடத்துக்கு உயிர் கொடுக்கும் என்றேன். அவர் பானைகளை நகர்த்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். பாத்திரம் தேய்க்கும் நாரால், எண் தெளிவாகத் தெரியும்வரை அந்தக் கல்லைத் தேய்த்தார். நான் படம் எடுத்து மனுவோடு சேர்த்தேன்.

எட்டு மாதம் கழித்து மனு ஏற்கப்பட்டது. இனிப்பு வாங்கி வீடுவீடாகக் கொடுத்தவரும் அக்காதான். அடுத்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. ஒதுக்குநிலம் முழுவதும் மீட்கப்படும். அதிலுள்ள கட்டுமானங்களை உரிமையாளர்களே அகற்ற வேண்டும். அனுமதியின்றிக் கட்டியவை என்பதால் இழப்பீடு இல்லை. இணைப்பாக என் வரைபடம் இருந்தது.

இதற்காக நகராண்மை ஒரு விசாரணைக் கூட்டம் வைத்தது. அதற்கு முந்திய நாள் மாலையில் நானும் அக்காவும் நகராண்மைப் பொறியாளர் ஒருவரைச் சந்தித்தோம். எதிர்க்கரையை வெட்டினால் என்ன என்று கேட்டேன். அது அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டம், அவர்கள் கட்ட வேண்டியதைக் கட்டி முடித்தவர்கள், இனி அவர்களிடம் எதையும் கேட்க முடியாது என்று அவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். பணம் கட்டிய நாளிலிருந்து அந்தத் தண்ணீர் அவர்களுடையது அல்ல. என் கட்டுரையில் நான் எழுத மறந்த வாக்கியம் அது. எல்லைக்கல் கிடைத்திருப்பதால் வேலை சுலபம் என்றும் அவர் சொன்னார். இல்லையென்றால் மறு அளவை செய்ய வேண்டும், அதற்கு ஓராண்டாவது ஆகும், அதற்குள் தொகை, வேலைக்குத் தயாராக இருக்கும் வேறொரு வடிகாலுக்குப் போய்விடும்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு அந்தக் கல்லப் பத்திக் கேட்டா, சரியா தெரியலன்னு சொல்லிரும்மா. இன்னிக்கே மேல சிமெண்டு பூசிர்றேன்."

"படம் இருக்கேக்கா."

"படத்துல இருக்கறது வேற வீட்டுக் கல்லுன்னு சொல்லு. ஒனக்குத் தெரியாததா? படிச்ச பொண்ணு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். ஒரு பக்கம் ஒருவரின் பிழைப்பு. மறுபக்கம் பன்னிரண்டு வீடுகள், அவற்றுக்கும் கீழே தரைத்தளக் குடும்பங்கள் வாழும் மலிவு விலை அடுக்ககம் ஒன்று. எண்ணிக்கை தெளிவாக இருந்தது. எங்கள் வீடு இழக்கப்போவது துணி துவைக்கும் மறைப்பு ஒன்றை மட்டுமே என்பதும் தெளிவாகவே இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை என்று அன்று நம்பினேன்.

கூட்டத்தில் அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் படத்தைத் திரையில் காட்டினார். துலக்கிய கல்லும் அதன் எண்ணும் சுவரளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. இந்தக் கல் கடைசி வீட்டில் இருப்பதுதானா, நேரில் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார். ஆம் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொண்டார்.

வரிசையில் யாரும் அவருக்காகப் பேசவில்லை. தங்கள் நான்கடி போனதற்கும் அவரையே காரணமாக்கினார்கள். அவர் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது லாரி அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னார்.

"கையெழுத்து வாங்க வந்தப்ப என்னா வேகம். இப்ப இடிக்கவும் நீங்கதான் மொதல்ல நிக்கணும், ஆமாவா?"

அக்கா பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மற்றவர்கள் கட்டியதைத் தாங்களே பிரித்துவிட்டார்கள். அக்கா பிரிக்கவில்லை. இயந்திரத்தோடு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். மேல்பகுதியில் வேலை நடந்த மூன்று வாரமும் அவர்கள் அக்காவிடம்தான் சாப்பாடு வாங்கியிருந்தார்கள். மேற்பார்வையாளரான தமிழ் இளைஞர் வேலியோரம் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, இன்னிக்குச் சாப்பாடு இருக்குமா? சாப்ட்டுட்டே ஒடைக்கிறோம் லா. எங்களுக்கு அவசரமில்ல."

"இருக்கு," என்றார் அக்கா.

அன்று அவர் கோழிக் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் செய்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சாமான்களை எடுத்து வைக்க உதவலாம் என்ற நினைப்பு. அவர் எதையும் தொட விடவில்லை. கடைசிப் பொட்டலத்தைக் கட்டியதும் அடுப்பை அணைத்து எரிவாயுக் குழாயைக் கழற்றினார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னிடமும் ஒன்றை நீட்டினார். யார் இந்தப் பெண் என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"மனு எழுதுனது இதுதான். பொய் சொல்லாத பொண்ணு," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறு வெள்ளி."

அதுவரை அந்த வீட்டில் நான் சாப்பிட்ட எதற்கும் அவர் காசு வாங்கியதில்லை. பத்து வெள்ளித் தாளைக் கொடுத்தேன். இடுப்புப் பையைத் துழாவி நான்கு ஒற்றைத் தாள்களை எடுத்து, எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் என் கையில் படவில்லை.

ஆட்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். குழம்பில் உப்பும் காரமும் சரியாக இருந்தன. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். அவர்கள் கை கழுவ அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேற்பார்வையாளர் அந்தக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு இயந்திரக்காரருக்குக் கை காட்டினார்.