முதல் மேற்கோள்

அந்தக் கட்டுரைக்காக வெயிலில் ஊர் ஊராக அலைந்தது நான். உட்கார்ந்து எழுதியது நான். தட்டச்சு செய்ததும் நான்தான். அச்சில் வந்தபோது அதில் என் பெயர் இல்லை.

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராக இருந்தேன். எங்கள் பெரிய டாக்டருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் உயிர். எந்தெந்தப் பத்திரிகையில் தன் பெயர் வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்போது சுற்றுக் கிராமங்களில் நரம்புச்சிலந்தி என்ற புழுநோய் சாதாரணம். படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் அது பரவும். இந்தக் கோடையில் குடித்த தண்ணீர், அடுத்த கோடையில் காலைப் பொத்துக்கொண்டு வெள்ளை நூலாக வெளியே வரும்.

பெரிய டாக்டர் ஒரு மாத்திரையைச் சோதிக்க விரும்பினார். வத்தலக்குண்டு சாலையில் ஒரு கிராமத்தில் அதைக் கொடுத்தேன். மறுகோடையில் அங்கே ஒருவர் காலிலும் புழு இல்லை. ஆனால் மாத்திரை வருவதற்கு முன்பே அந்த ஊர்க் கிணற்றின் படிகளை மூடி, சுவர் எழுப்பி, உருளையும் வாளியும் போட்டிருந்தார்கள். மாத்திரையைத் தொடாதவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

"அம்புட்டையும் கூரையில சொருகி வச்சிட்டேன் டாக்டரம்மா, ஒரே கசப்பு" என்று ஒருத்தி சிரித்தாள்.

இதையும் எழுதித்தான் கொடுத்தேன். இதழில் கிணறே இல்லை. மாத்திரை மட்டும் இருந்தது.

நேராக அவர் அறைக்குப் போனேன். "கிணத்தப் பத்தி எழுதுனது எங்கே சார்?"

"கிணத்தைக் கொத்தனார் பாத்துப்பான். நாம டாக்டரும்மா."

"என் பேரு?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்கும்மா பேரு? கல்யாணம் ஆனா இன்ஷியலே மாறிடும்."

அந்த வாரமே ராஜினாமா செய்தேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் போட்டேன். சேவுகம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் படிக்கிணறு அப்படியே இருந்தது. படியை மூடச் சொல்லிப் பஞ்சாயத்தில் மன்றாடினேன். அவர்கள் மூடுகிறவரை ஊர்க்காரர்களை அதே மாத்திரையை என் கண்முன்னே விழுங்க வைத்தேன். கோடை வந்தது, புழுவும் வந்தது. கடைசியில் படியை மூடினார்கள். மாத்திரையை நிறுத்தினேன். முன்பு குடித்த தண்ணீரின் புழு மறுகோடையோடு தீர்ந்தது; அதற்கடுத்த கோடையில் புழு இல்லை.

கோபத்தில் எழுதியதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டு ஊர்க் கதையையும் ஒரு கட்டுரையாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆறவைத்து எழுதினேன். அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். முதல் மேற்கோளாக அவர் கட்டுரையை வைத்தேன். அதை மேற்கோள் காட்டிய முதல் ஆள் நான்தான்.

வெளியான மாதம் அவர் கார் கிளினிக் வாசலில் நின்றது. நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள்.

"சேர்ந்து ஒரு திருத்தம் போடுவோம்மா. ரெண்டு பேர் பேரும் வரும்."

"உங்க பேருதான் இருக்கே சார்."

"என் பேரைக் கெடுக்கிறதுக்குத்தான் இதைச் செஞ்சியா?"

"ஆமா சார்."

அவர் உட்காரவே இல்லை. நான் உட்காரச் சொல்லவும் இல்லை.

பிறகு வெளிநாடுகளிலிருந்து என் கட்டுரையின் பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன. மதுரைக்குப் போகும்போதெல்லாம் மருத்துவ நூலகத்தில் புது இதழ்களைப் புரட்டுவேன். நரம்புச்சிலந்தியைப் பற்றி எழுதியவர்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்கும். அதில் என் பெயர் இருக்கும். அவருடைய மற்ற கட்டுரைகளை யாரும் சீந்தவில்லை.

அப்படிக் கண்ட ஒவ்வொரு பத்தியையும் கையால் நகலெடுத்து அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். அவர் ஓய்வு பெற்றார். அனுப்பினேன். அறுபதுகளிலும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கொடைரோடு ஸ்டேஷனில் அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு எத்தனையோ முறை சாப்பாடு போட்டவர்.

"தபால்காரர் மணிச்சத்தம் கேட்டாலே உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறாரும்மா. வயசாயிருச்சு. போதும்மா."

"நான் ஒரு வார்த்தை சொந்தமா எழுதலையேம்மா. அச்சுல வந்ததத்தான் அனுப்புறேன்."

ரயில் வந்ததும் அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மதுரையில் இறங்கியதும் நூலகத்துக்குப் போனேன். புதிதாக ஒன்று வந்திருந்தது. நகலெடுத்து, அங்கேயே தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். நன்றாகப் பசித்தது.