போலந்து ஊரில் ஒரு குவளைத் தண்ணீர்

கப்பலில் நிலக்கரி ஏற்ற மூன்று நாள் ஆகும் என்றார்கள். பக்கத்திலிருந்த போலந்துக்காரர்களின் பழைய ஊரைப் பார்த்து வரலாம் என்று நாங்கள் இரண்டு பேர் சாயங்காலம் கிளம்பினோம். இருவருமே கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர்கள். கூட வந்தவர் ஜெயமங்கலத்தில் நிலபுலமுள்ள சம்சாரி. வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டுக் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து கப்பல் ஏறியவர். நான் அதே ஊரின் சேரியில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு நின்று, வயிற்றுக்காகக் கிளம்பியவன். இத்தனை கடல் தாண்டியும் என்னை மூன்று அடி பின்னால்தான் நடக்கவிட்டார்.

ஊர் ஐந்நூறு வருஷப் பழசாம். கோட்டைவாசல், மாதா கோயில், மணிக்கூண்டு, எல்லாம் சிவப்புச் செங்கல். இவ்வளவு உயரம் அடுக்கியவர்களுக்கு ஒரு சாக்கடை வெட்டத் தெரியவில்லை. சந்தெல்லாம் மூத்திர நாற்றம். தொப்பிக் கனவான்கள் பெண்டாட்டியோடு கைகோத்துச் சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். செக்குமாடு சுற்றினால் எண்ணெயாவது வரும். எங்களைக் கண்டதும் நின்று வாயைப் பிளந்தார்கள்.

மத்தியானம் தின்ற உப்பு மீன் தொண்டையை அறுத்தது. சதுக்கத்தின் நடுவில் அடிபம்பு; சங்கிலியில் கட்டிய ஒரே தகரக் குவளை. ஒருவர் அடித்தால்தான் இன்னொருவர் குடிக்க முடியும்.

"நான் மொதல்ல குடிச்சிக்கிறேம்லே. நீ வாய் வச்சதுல நான் எப்படிக் குடிக்கிறது? அடி."

அடித்தேன். குடித்தார். வாளியோடு காத்திருந்த கிழவி அந்தக் குவளையைப் பாவாடை நுனியால் பிடித்து, மணலள்ளித் தேய்த்து, மூன்று தரம் கழுவினாள். அவர் முகம் செத்துவிட்டது.

"சாமி யாருன்னு இவளுக்குத் தெரியாதுல்ல," என்றேன்.

"வாய மூடுலே."

"சரி, இப்ப நீங்க அடிங்க."

சுற்றிலும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவுமில்லை. அடித்தார். நான் பிறந்ததிலிருந்து பழகியபடி கையைக் குவித்து வயிறு முட்டக் குடித்தேன்.

திரும்பும் வழியில், "ஊர்ல சொல்லிராதலே," என்றார்.

"கெழவி கழுவுனதையா?"

"அதச் சொன்னாச் சொல்லிட்டுப் போ. நான் ஒனக்குத் தண்ணி அடிச்சத."

காறித் துப்பத் தோன்றியது. வாயில் அப்போதுதான் ஈரம் வந்திருந்தது; விட்டுவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது, தேவதானப்பட்டிச் சந்தையில் அவருடைய பங்காளிகள் என்னை நிறுத்தி அவரைப் பற்றி விசாரித்தார்கள். கிழவி குவளையைக் கழுவியதையும் அவர் எனக்குத் தண்ணீர் அடித்ததையும் சொன்னேன். கடைசியில் பெரியவர் ஒருவர் குனிந்து கேட்டார்:

"சரிலே, யாரு மொதல்ல குடிச்சது?"

"அவுகதான் குடிச்சாக."

"அப்பப் பரவால்ல," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.