சித்திரக் குறிச்சிக்குப் போன வான்

வேலணை ஆழ்வாப்பிள்ளைக்கு வான் ஓட்டுவது தொழில். 2003இல், சண்டை ஓய்ந்திருந்த நாள்களில், பலாலிக்கு விமானத்தில் வரும் சனத்தைத் தீவுப் பகுதிக்கு ஏற்றிப்போவதே அவருடைய பிழைப்பு. விமானத்தளத்துக்குள் வெளி வாகனங்கள் போக முடியாது. பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து யாழ்ப்பாணப் பட்டணத்தில் இறக்குவார்கள். அங்கே காத்துநின்று ஆள் பிடிக்க வேண்டும். வீட்டில் கொண்டுபோய் விட்டால், சாரதியையும் இருத்திச் சாப்பாடு போடுவது வழக்கம்.

பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் ஏறியவரை விசாரித்து முடித்துவிடுவார்: எவ்விடம், ஆருடைய பிள்ளை, எந்தக் கோயிலடி. அதை அவர் பண்பு என்று நினைத்திருந்தார். உண்மையில் அது ஆளின் பிறப்பை நிறுக்கும் தராசு.

ஆவணியில் ஒருநாள், பாரிசிலிருந்து வந்த பரிமளம் ஏறினார். வயது ஐம்பது இருக்கும்.

"ஊரிலை ஒரு மாதம் நிக்கிறன் அண்ணை. முழுக்க நீங்களே ஓடுங்கோ."

ஓட்டம் இல்லாமல் காய்ந்திருந்த ஆழ்வாப்பிள்ளைக்கு அது பெரிய காரியம். "எவ்விடம் தங்கச்சி?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

"சித்திரக் குறிச்சி."

சுருவிலுக்கு அப்பால் உள்ள சிறிய குறிச்சி அது. கோயில் வாகனங்களுக்கும் மாதா சுரூபங்களுக்கும் கூத்துத் திரைகளுக்கும் நாலு தலைமுறையாக வர்ணம் தீட்டியவர்கள் வாழும் இடம். வெள்ளைக்காரரும் தேடி வந்து பார்ப்பதுண்டு. சாதி பார்ப்பவர்கள் மட்டும் அங்கே கை நனைப்பதில்லை.

"படம் வாங்கவோ?"

"இல்லை. அங்கைதான் பிறந்தனான்."

அதற்குப் பிறகு, "வெய்யில் கடுமை" என்பதைத் தவிர ஆழ்வாப்பிள்ளையின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வாசலில் பரிமளத்தின் தகப்பன் கதிர்காமு காத்திருந்தார். எண்பது வயதிலும் விரல் நகத்தில் நீல மை.

"இறங்குங்கோ அண்ணை, சாப்பிடுவம்" என்றார் பரிமளம்.

"வயிறு சரியில்லை."

"அப்ப தண்ணியாவது குடியுங்கோ."

"தாகமில்லை." அவருடைய சேட் வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

பரிமளம் வான் கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை வானிலை நான் ஏறினனான். எங்கடை வாசல்படி நீங்கள் ஏற ஏலாதோ? தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்து எங்கை நிண்டனியள்?"

"தென்மராட்சியிலை. பள்ளிக்கூடமொண்டிலை."

"சோறு?"

"எல்லாருக்கும் ஒரே கிடாரத்துச் சோறுதான். அது ஆபத்துக்கு, தங்கச்சி."

"அப்ப நீங்கள் எங்கடை வீட்டிலை சாப்பிட, திரும்பச் சண்டை வரவேணுமோ?"

கதிர்காமு சிரித்தார். "விடு பிள்ளை. தம்பி, நீர் அப்புத்துரையற்றை மகனெல்லே? உங்கடை கோயில் குதிரை வாகனத்துக்கு நான்தான் கண் கீறித் திறந்தனான். திறந்த கையோடை என்னை வெளியிலை விட்டிட்டு, நிண்ட இடத்தைக் கழுவிச்சினம். குதிரை என்னைப் பாத்தது தம்பி. கொப்பர்தான் பாக்கேல்லை."

சாமி வாகனத்துக்குக் கண் கொடுத்தவன் வெளியே. அந்தக் கண்ணைக் கும்பிடுகிறவன் உள்ளே. இதைச் சாத்திரம் என்பவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால், கழுவுவதற்கு வேறு இடம் தேடியிருப்பார்கள்.

ஆழ்வாப்பிள்ளை வானை விட்டு இறங்கினார். கிடாரத்துச் சோறு இறங்கிய தொண்டை இதுதானே? பிறகு இந்த வீட்டுத் தண்ணீர் மட்டும் ஏன் இறங்காது? ஊர் என்ன சொல்லும்? தகப்பன் இருந்தால் என்ன சொல்வார்? பரிமளம் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை வாங்கி, அண்ணாந்து குடித்தார்.

"உதடு படாமல் குடிக்கிறது பழக்கமோ, பயமோ?"

அவர் செம்பைத் திருப்பி நீட்டினார். "தெரியேல்லை, தங்கச்சி." அது பொய்யில்லை.

"நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்கோ. வந்து சாப்பிட்டால் உங்கடை வான். இல்லாட்டி வேறை வான் பிடிக்கிறன்."

மறுநாள் மத்தியானம் வான் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் வந்து நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி, அரை மணி.

"எண்ணெயை எரிக்காமல் வாரும் தம்பி, சோறு ஆறுது!" என்று கதிர்காமு உள்ளேயிருந்து கத்தினார்.

எஞ்சின் நின்றது. ஆழ்வாப்பிள்ளை வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார், திரும்பப் போட்டார், மறுபடியும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விறாந்தையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

"நான் எந்தக் கதிரையிலை இருக்கிறது?" என்று கேட்டார்.