செருப்புக் காவல்

எனக்குப் பத்து வயது ஆகும் வரைக்கும், எங்கள் ஊர் மாதா கோயிலில் என் அப்பாவுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊரே வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகும். அப்பா மட்டும் போக மாட்டார். வாசலுக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு, செருப்புக் குவியலைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே மணி அடித்தால் அங்கேயே மண்ணில் முட்டி போடுவார். சனங்கள் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நகரும்போது தலையைக் குனிந்துகொள்வார். பூசை முடிந்து எல்லாரும் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் இடத்தை விட்டு அசைவார். இதைக் காவல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அவர் காலில் செருப்பு கிடையாது. பங்குனி வெயிலில் தார் ரோட்டிலும் வெறுங்காலோடுதான் நடப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு என்று எண்ணியிருந்தேன். செருப்பே போடாத ஆளைக் காவலுக்கு வைத்தால்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு போகமாட்டார், அதனால்தான் சாமியார் அப்பாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று வகுப்பில் விளக்கினேன். பக்கத்தில் இருந்தவன், "ஒங்கப்பன் நல்ல சோடியாப் பாத்துக்கிட்டு நிக்கிறாருடா" என்றான். அவனை அடித்ததற்காக அன்று மத்தியானம் முழுக்க வெளியே நின்றேன். அப்பாவின் உத்தியோகத்துக்காக நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் வீட்டில் சித்தப்பாவும் இருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்லல் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. கக்கத்தில் கட்டை ஊன்றி நடப்பார். செருப்புக் கடைக்காரர் ஒற்றைச் செருப்பு தரமாட்டார் என்பதால் சோடியாகத்தான் வாங்குவார். வலது தேய்ந்து போகும், இடது புதுக்கருக்கு மாறாமல் அப்படியே இருக்கும். அந்த இடதுகால் செருப்புகளையெல்லாம் தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். யாராவது கேட்டால், "எங்கண்ணன் வருவாப்ல, அவருக்குத்தான்" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் பேச மாட்டார்கள். அது ஏன் என்றும் எனக்குத் தெரியாது.

பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த ஒரு நாள், குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்த சித்தப்பா, அப்பா கேட்காமல் போகவே தனியாக விட மனமில்லாமல் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கண்மாய்க்கரை வளைவில் வண்டி சாய்ந்தது. அப்பாவுக்குக் கீறல்கூட இல்லை. சித்தப்பாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்து அறிவித்திருந்தார்கள். பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை.

மயக்கம் தெளிந்ததும் சித்தப்பா சொன்னது, "விடுண்ணே" என்பதுதான். அப்பா அன்றோடு குடியை விட்டார், டிராக்டரை விட்டார். அப்போதிருந்த சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். எல்லாவற்றையும் கேட்ட சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்து, அபராதமாக மூன்று செபம் சொல்லச் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது இது: "ஒரு காலுக்கு மூணு செபமாம். அம்புட்டுத்தானா?"

அந்த மன்னிப்பு அவருக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்ததை எப்படி வாங்கிக்கொள்வது? அதனால் சாமியார் போட்டது போதாதென்று தானே ஒரு அபராதம் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். கோயில் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். மூன்று செபத்துக்கு ஒரு முடிவு உண்டு. இதற்கு முடிவே இல்லை.

பிறகு காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இடிக்கிற வீடுகளிலிருந்து வருகிற கதவு, நிலை, சன்னல்களில் ஆணி பிடுங்குவது வேலை. வெறுங்காலோடு செய்வதற்கு அதைவிட ஆகாத வேலை இருக்க முடியாது. நான் ஐந்தாவது படித்தபோது, தவக்காலம் தொடங்கிய வாரத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று அவருடைய இடது உள்ளங்காலில் ஏறியது. கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் கீறிச் சுத்தம் செய்து ஊசி போட்டு, இன்னொரு முறை இப்படி வந்தால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அம்மா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். "பிள்ளைக்காகவாச்சும் போட்டுக்கிருங்களேன். யாரு கேட்டா இந்த நேத்திக்கடன?" என்றாள். கால் ஆறியதும் அப்பா வெறுங்காலோடு வேலைக்குக் கிளம்பினார்.

எப்போதும் சிரித்துப் பேசுகிற சித்தப்பா அன்று வாசலில் கட்டையைக் குறுக்கே வைத்து மறித்தார்.

"ஏண்ணே, ஆளுக்கொரு காலப் போக்கிட்டு, ரெண்டு பேருமா ஒரு சோடி செருப்ப வச்சுப் பொழைக்கலாம்னு பாக்கியா?"

அப்பா கட்டையைத் தாண்டி இறங்கிப் போனார். சித்தப்பா அம்மாவிடம், இந்தப் பாஸ்காத் திருநாளுக்குள் அண்ணனை உள்ளே கொண்டுவராவிட்டால் தான் இனி கோயில் படியே ஏறப் போவதில்லை என்று சொன்னார். எந்த உள்ளே என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா வீட்டுக்கு உள்ளேதானே இருந்தார்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வியாழனன்று பூசையில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துச் சாமியார் காலைக் கழுவுவார். எங்கள் ஊரில் அது முறை வைத்து வரும். அந்த வருசம் எங்கள் வீட்டு முறை. மூத்தவர் என்று அப்பாவைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் வரமாட்டார் என்று ஊருக்கே தெரியும். தன் பெயரைப் போட்டுக்கொள்ளுமாறு சித்தப்பா கேட்டதும் கோயில் உபதேசியார் தர்மசங்கடத்தில் நெளிந்தார். இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதை எப்படி இவரிடம் சொல்வது? சித்தப்பாவே எடுத்துக்கொடுத்தார்: "ஒரு காலுக்குத் தண்ணி மிச்சந்தான மாமா?"

சாமியார் கழுவப் போகிற கால் அழுக்காக இருக்கலாமா? அதனால் பன்னிரண்டு வீட்டிலும் அன்று காலையிலேயே கால் கழுவல் தொடங்கிவிடும். செங்கல் சில்லும் தேங்காய் நாருமாகத் தேய்த்துத் தேய்த்து, சாயங்காலம் சாமியார் கைக்கு வரும்போது அந்தக் கால்களில் கழுவுவதற்கு ஒன்றுமே இருக்காது. எங்கள் வீட்டில் அப்பாதான் தேய்த்தார். குழாயடியில் சித்தப்பாவைக் கல்லில் உட்கார வைத்து, அந்த ஒரு காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் சுத்தம் செய்தார். அப்பாவுடைய கால்கள் அந்த ஈரத்தில் வெடித்த கரம்பை மண் மாதிரி இருந்தன. சித்தப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "போதும்ணே. சாமி கழுவவும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார்.

சாயங்காலம் கோயில் நிறைந்துவிட்டது. வெளியூர்களுக்கு வேலைக்குப் போனவர்களும் திருநாளுக்கு வந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். அங்கிருந்து பீடமும் தெரியும், புங்கமரமும் தெரியும். கால் கழுவிக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு பன் கொடுப்பார்கள். சித்தப்பாவின் பன் எனக்கு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தேன்.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்து முத்தமிட்டுக்கொண்டே வந்தார். கடைசியாகச் சித்தப்பா. ஒரு காலைக் கழுவித் துடைத்துவிட்டுச் சாமியார் எழுந்தார்.

"சாமி, இன்னொன்னு பாக்கி இருக்கு" என்றார் சித்தப்பா.

சாமியார் அந்த வருசம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். ஒன்றும் புரியாமல், சித்தப்பா மடித்துக் குத்தியிருந்த வேட்டியின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்.

"அது வெளிய மரத்தடியில நிக்குது."

பாட்டு நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் வாசலைப் பார்த்துத் திரும்பின. அப்பா மரத்தோடு மரமாக நின்றார். பெண்கள் பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். குரல் பெரிதாக இல்லை; ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது.

"வாண்ணே. போனது எங்காலு. அதுக்கு என்ன செய்யணும்னு நாந்தான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது. நீ வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்பதுபோல. உபதேசியார் பூசையைத் தொடரும்படி சாமியாரிடம் சைகை காட்டினார். சித்தப்பா கட்டையை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டுவிட்டார், இனி எழுவதற்கில்லை என்று. சாமியார் அதைப் பார்த்தார். பிறகு இடுப்புத் துண்டோடு நடுவழியே நடந்து வாசலுக்கு வந்து, படியில் நின்று கையை நீட்டினார்.

"உள்ள வாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

அப்பா தன் கால்களைப் பார்த்தார். புழுதி அப்பியிருந்தது. பன்னிரண்டு வீட்டில் தேய்த்த கால்களுக்கு நடுவில் கழுவாத கால் அவருடையது மட்டும்தான். "அழுக்கா இருக்கு சாமி" என்றார்.

"அதுக்குத்தான தண்ணி" என்றார் சாமியார்.

அப்பா படியில் கால் வைத்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளியே அத்தனை செருப்பும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இத்தனை வருசமாக ஒரு புகார் வராமல் காத்தவருக்கு, திருநாள் கூட்டத்தில் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது. நான் அவரைக் கடந்து வெளியே ஓடினேன். புங்கமரத்தடியில் அவர் நின்ற அதே இடத்தில், அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதனால் அப்பாவின் காலைச் சாமியார் கழுவியதை நான் பார்க்கவில்லை. தாம்பாளத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு விழுந்ததைவிட நெடுநேரம் விழுந்தது. பிறகு ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம். அது சித்தப்பா என்று நினைத்தேன். அப்பா அழுவார் என்று எனக்குத் தெரியாது. நாய் ஒன்று புதுச் செருப்பாகப் பார்த்து முகர்ந்துகொண்டு வந்தது. கல்லெடுத்து விரட்டினேன். உள்ளே நன்மை கொடுக்கும்போது வரிசையின் கடைசியில் அப்பா நின்றாராம். அதையும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போயிற்று. கடைசியாக அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். அப்பாவின் முகம் காய்ச்சல் விட்ட ஆள் முகம்போல இருந்தது. சித்தப்பா துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு இடதுகால் செருப்பை எடுத்துப் படிக்குக் கீழே போட்டார். அப்பா இடது காலை நுழைத்தார். நான் விறைப்பாகப் போய் நின்று சொன்னேன்.

"எல்லாம் சரியா இருக்குப்பா. ஒண்ணும் காணாமப் போகல."

அப்பா புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்திருக்க வேண்டும். என் தலையில் கை வைத்தார். "இனிமே அங்குட்டு நிக்க வேணாம்யா" என்றார். "நானும் நிக்கப் போறதில்ல."

பன்னைப் பாதியாகப் பிய்த்துச் சித்தப்பா நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு நாள் இடத்தை விட்டு உள்ளே போனதற்காகச் சாமியார் அப்பாவைக் காவலிலிருந்து நீக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் அவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் பயன் இல்லாமல் போயிற்று. வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன். எனக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரு சோடி செருப்பில் போய்க்கொண்டிருந்தார்கள், வலது இவருக்கும் இடது அவருக்குமாக, எதையோ சொல்லிச் சிரித்தபடி. ஒரு ஆளுக்கு வேலை போயிருக்கிறது, இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமாக வந்தது.